பதினொரு அடுக்கு

கையெழுத்துப் போட மாட்டேன் என்று செலஸ்தீனா மூன்றாவது முறையாகச் சொன்னபோது, இயக்குநர் ஹேமாவதி மேசைமேல் நீட்டி வைத்திருந்த பேனாவை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். இனிக் கெஞ்சப் போவதில்லை என்று அதற்குப் பொருள்.

"ஒரே பக்கம். மூணே வரி," என்றார். "துறைமுகத்துல ரெண்டு சுண்ணாம்புக் கப்பல் நிக்குது. அமைச்சர் வர்ற தேதி குறிச்சாச்சு. எல்லாம் உங்க ஒரு கையெழுத்துக்காகக் காத்திருக்கு, செலஸ்தீனா."

"காத்திருக்கட்டும் மேடம்."

அப்போது மன்னார் வளைகுடாவின் தண்ணீர் புளிக்கத் தொடங்கி இருபது வருடங்கள் ஆகியிருந்தன. காற்றில் மிஞ்சிப்போன கரியமில வாயுவைக் கடல் குடித்துக் குடித்து, சிப்பியும் சங்கும் ஓடு கட்ட முடியாத நிலைக்கு வந்துவிட்டது. கடல் மீட்பு ஆணையம் அதற்கு ஒரு வைத்தியம் வைத்திருந்தது. புளித்த வயிற்றுக்குச் சோடா உப்புக் கொடுப்பதுபோல, கப்பல் கப்பலாகச் சுண்ணாம்பைக் கரைத்துக் கடலில் விடுவது. தூத்துக்குடியில் அதற்கென்றே ஓர் அலுவலகம் திறந்து, சென்னையிலிருந்து ஹேமாவதியை இயக்குநராக அனுப்பியிருந்தார்கள்.

ஆனால் கடலின் சேர்மானத்தில் கை வைக்கிற எந்தத் திட்டத்துக்கும் கற்சான்று வேண்டும் என்று சட்டம் இருந்தது. பூமி தோன்றிய நாளிலிருந்து எத்தனையோ விதமான கடல்கள் இருந்து போயிருக்கின்றன. அவை போன பிறகும் அடியில் படிந்த சுண்ணாம்புப் பாறை இருக்கிறது. அந்தப் பாறையின் ஒவ்வொரு அடுக்கிலும் அது படிந்த நாளின் தண்ணீர் எவ்வளவு சூடு, எவ்வளவு காரம், காற்று எவ்வளவு கலந்திருந்தது என்ற கணக்கெல்லாம் பூட்டிக் கிடக்கிறது. அடுக்குமானி என்ற கருவி வந்த பிறகு, மயிரிழை கனமுள்ள அடுக்கைக்கூடத் தனித்தனியாகப் படிக்க முடிந்தது. நாம் உண்டாக்கப் போகிற கடலைப் போல ஒரு கடல் எப்போதாவது இருந்ததா, இருந்து என்ன ஆயிற்று என்று பாறையைப் படித்து எழுதித் தர வேண்டும். எழுதித் தருபவருக்குப் பெயர் கல்வாசிப்பாளர். செலஸ்தீனா மொத்தா தென்மாவட்டங்களுக்கு ஒன்பது வருடமாகக் கல்வாசிப்பாளர்.

இந்தத் திட்டத்துக்காகக் கர்நாடகத்து மலையொன்றில் துளை போட்டு எடுத்த உருளைக் கல் ஒன்று வந்திருந்தது. வயது இருநூற்றைம்பது கோடி வருடம். ஆணையத்தின் அறிக்கை அந்தக் கல்லை வைத்து, சுண்ணாம்புக் காரம் மிகுந்த கடல் இருநூறு வருடம் எந்தச் சேதமும் இல்லாமல் அமைதியாக இருந்தது, ஆகவே திட்டம் பாதுகாப்பானது என்று சொன்னது.

"மேல் நாற்பது சென்டிமீட்டரை ஏன் விட்டுட்டீங்க?" என்று கேட்டாள் செலஸ்தீனா.

"அது சிதைஞ்ச பகுதி. அறிக்கையிலயே எழுதியிருக்கேனே."

"நான் படிச்சேன். நல்லாவே படிக்க முடியுது."

"அதை நம்ப முடியாது."

"ஏன் முடியாதுன்னு சொல்லுங்க."

ஹேமாவதி சன்னல் பக்கம் பார்த்தார். பிறகு வேறு வழியில் வந்தார். "அது ஆக்ஸிஜனே இல்லாத கடல். மீன் கிடையாது, நண்டு கிடையாது, ஒரு புழுகூடக் கிடையாது. அதைக் காட்டி நம்ம கடலை பயமுறுத்துறீங்க."

"அதே கடலைக் காட்டித்தான மேடம் 'பாதுகாப்பானது'ன்னு மூணு வரி எழுதியிருக்கீங்க? நல்லது சொல்றப்போ சாட்சி, கெட்டது சொல்றப்போ அந்நியனா?"

ஹேமாவதிக்கு முகம் சிவந்தது. கெட்டவர் அல்ல அவர். இந்தக் கடல் சாகக் கூடாது என்று பதினைந்து வருடமாக ஓடியாடியவர். அதனால்தான் அவர் அடுத்துச் சொன்னது செலஸ்தீனாவைக் குத்தியது.

"அஞ்சு வருஷத்துல உங்க சங்குப் படுகை மூணும் செத்துடும். உங்க தம்பி சங்கு குளிக்கிறவர்தானே? அவர்கிட்ட என்ன சொல்வீங்க?"

"அவன்கிட்ட நான் பேசிக்கிடுதேன்," என்றாள் செலஸ்தீனா. ஆத்திரம் வந்தால் அவளுக்கு ஊர்ப் பேச்சு வந்துவிடும்.

அன்று பிற்பகலே மறுப்புச் சான்று எழுதிப் பதிவு செய்தாள். சட்டத்தில் அப்படி ஒரு வழி இருந்தது; பதிவானால் ஊரைக் கேட்டு ஆட்சியர் முடிவு செய்ய வேண்டும். நாட்டில் அதுவரை யாரும் அதைத் தொட்டதில்லை.

*

அவள் வீடு போய்ச் சேருவதற்கு முன்பே சேதி போய்விட்டது. தம்பி ரெமிஜியுஸ் கடலிலிருந்து நேராக வந்து ஈரச் சட்டையோடு வாசலில் நின்றான்.

"ஏக்கா, நீ என்ன காரியம் பண்ணிட்டு வந்திருக்க? கப்பலைத் திருப்பி அனுப்பப் போறியாம்லா?"

"உள்ள வா, ரெமி."

"உள்ள வந்து என்ன செய்ய? இதப் பாரு." இடுப்புப் பையிலிருந்து ஒரு சங்கை எடுத்தான். கட்டைவிரலை வைத்து அழுத்தினான். முட்டையோடு மாதிரி உள்ளே போயிற்று. "இத எவன் வாங்குவான்? நாங்க நாலு ஆள் ஆழத்துல மூச்சடக்கி இதுக்கா போறோம்? சுண்ணாம்பு விட்டா ஓடு கட்டும்னு நீதான் சொன்ன. ரெண்டு வருஷமா ஊரெல்லாம் சொன்ன."

"அளவா விட்டா கட்டும். இவங்க விடப் போறது அளவு இல்ல."

அவன் நம்பவில்லை. மறுநாள் காலையில் அவனைக் கல்கிடங்குக்கு அழைத்துப் போனாள். நீளத் தட்டில் படுக்கவைத்திருந்த கல்லை அவன் குனிந்து பார்த்தான்.

"அம்மிக்குழவி மாதிரில்லா இருக்கு."

"கீழ இருந்து பாரு. அடுக்கடுக்கா இருக்கா?"

இருந்தது. நனைந்து காய்ந்த ஜெபப் புத்தகத்தின் தாள்களைப் போல, அலையலையாக, ஒன்றன்மேல் ஒன்றாக மெல்லிய அடுக்குகள்.

"இது பாசி கட்டினது," என்றாள். "ஆழம் குறைஞ்ச கடல்ல, வெயில் படுற இடத்துல, பாசி ஒரு படலம் போடும். அதுமேல சுண்ணாம்பு படியும். அதுக்கு மேல திரும்பவும் பாசி ஏறும். அப்ப இந்த உலகத்துல இருந்த உசிரே அவ்வளவுதான்."

"சரி. இங்க மேல என்ன?"

மேல் பகுதியில் அடுக்குகள் நின்றுபோய், விசிறி விரித்ததுபோல் கூரிய ஊசிகள் மேல்நோக்கிப் பரந்திருந்தன. ஒவ்வொரு விசிறியும் ஒரு சாண் இருந்தது. ரெமிஜியுஸ் விரலால் தடவினான்.

"யாரு செதுக்கினது?"

"யாரும் செதுக்கல. தண்ணி தானாவே கல்லாச்சு. பால்ல எலுமிச்சம்பழம் பிழியுறோம். ஒரு சொட்டு, ரெண்டு சொட்டு, ஒண்ணும் ஆகாது. இன்னொரு சொட்டு விட்டா மொத்தமாத் திரிஞ்சு போகும். கடலும் அப்படித்தான். சுண்ணாம்பை ஒரு அளவுக்குத்தான் தாங்கும். அதுக்கு மேல போச்சுன்னா எல்லாத்தையும் கீழ இறக்கிரும். நாம விட்டதையும் இறக்கும், முன்னால தன்கிட்ட இருந்ததையும் சேத்து இறக்கும். தரையெல்லாம் இந்த ஊசி முளைக்கும். மேல இருக்கிற தண்ணி முன்னவிடப் புளிச்சிரும்."

"படுகை?"

"கல்லுக்குள்ள போயிரும்."

ரெமிஜியுஸ் நிமிர்ந்தான். "இது ஆக எத்தன வருஷம்?"

"கடைசிப் பாசி அடுக்குல இருந்து முதல் விசிறி வரைக்கும் பதினொரு அடுக்கு. அடுக்குக்கு ஒரு வருஷம். இவங்க ஊத்தப்போற வேகத்துக்கு நாலு வருஷம் போதும்."

"சத்தியமாவாக்கா?"

"சத்தியமா," என்றாள் செலஸ்தீனா.

*

பத்து நாள் கழித்து சமுதாயக் கூடத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. மாவட்ட ஆட்சியர் தலைமை. கூடம் நிறையச் சங்கு குளிப்பவர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும். செலஸ்தீனா மேல்பகுதிக் கல்லைத் துண்டில் சுற்றித் தோளில் சுமந்து வந்தபோதே கூச்சல் கிளம்பியது.

"கல்லப் பாத்துக் கடலுக்குக் குறி சொல்ல வந்துட்டா!" என்று ஒருத்தி கத்தினாள். சிரித்தார்கள்.

அவள் அரைமணி நேரம் பேசினாள். யாரும் காதில் வாங்கவில்லை. ஹேமாவதி பத்தே நிமிடம், படுகைகள் செத்துக்கொண்டிருக்கிற படங்களைக் காட்டிப் பேசினார். பெண்கள் அழுதார்கள். ஆட்சியர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போது ரெமிஜியுஸ் எழுந்தான். அக்காவைத் திட்டத்தான் எழுந்திருக்கிறான் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

"எங்கக்கா சொல்லுதது எனக்கு முழுசா விளங்கல," என்றான். "இந்த அம்மா சொல்லுததும் விளங்கல. நான் எட்டாவதுதான். ஆனா ஒண்ணு கேக்கணும். ஒரே கல்லுதான? அதுல கீழ்ப் பாதியக் காட்டுதீய. மேல் பாதிய ஏன் எங்களுக்குக் காட்டல?"

ஹேமாவதி எழுந்து, "சிதைந்த பகுதி" என்று ஆரம்பித்தார்.

"சிதைஞ்சதாவே இருக்கட்டும். சிதைஞ்சதுன்னு சொல்லிக் காட்டியிருக்கலாம்லா? ஏன் மறைச்சீய?"

கூடம் அப்படியே திரும்பிவிட்டது. அறிவியல் புரியாதவர்களுக்கும் மறைத்தது புரிந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வந்து கல்லைத் தொட்டுப் பார்த்தார்கள். சாயங்காலம் ஆட்சியர் உத்தரவு போட்டார். சுண்ணாம்பு பாதி அளவுதான். இரண்டு வருடம் கழித்து மறு ஆய்வு. ஒரு வாரத்தில் ஹேமாவதியைப் பதவியிலிருந்து நீக்கினார்கள்.

செலஸ்தீனாவின் படத்தைப் போட்டு, "கடலைக் காத்த எங்கள் சகோதரி" என்று கடற்கரைச் சாலையில் பதாகை கட்டினார்கள். அந்தச் சாலையில் போவதையே அவள் விட்டுவிட்டாள். கூச்சம் ஒரு காரணம். இன்னொரு காரணம் இருந்தது. பாதிச் சுண்ணாம்பு போதவில்லை. முதல் வருடம் வடக்குப் படுகை செத்தது. இரண்டாம் வருடம் நடுப் படுகை. அறுபது குடும்பங்கள் உப்பளத்துக்கும் கட்டட வேலைக்கும் போயின. ஆனாலும் அவளை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. மொத்தமாகக் கல்லாகிப் போயிருக்க வேண்டிய கடல், இரண்டு படுகையை மட்டும் இழந்து தப்பித்தது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். ரெமிஜியுஸ் சங்குகுளித் தொழிலாளர் சங்கத்துக்குச் செயலாளர் ஆனான். வீடு வீடாகப் போய் அதைச் சொன்னவன் அவன்தான்.

*

மறு ஆய்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது புதிய அடுக்குமானி வந்து சேர்ந்தது. பழையதைவிட நூறு மடங்கு நுணுக்கமாகப் பார்க்கக்கூடியது. தன் வாதத்தை இன்னும் பலப்படுத்தலாம் என்று நினைத்துத்தான் செலஸ்தீனா அந்தப் பதினொரு அடுக்கை அதற்குள் வைத்தாள்.

மூன்றாம் அடுக்குக்கும் நான்காம் அடுக்குக்கும் நடுவில் ஒரு கோடு தெரிந்தது. பழைய கருவிக்கு அகப்படாத, மூச்சுவிட்டால் பறந்துவிடும்போல ஒரு கோடு. பெரிதாக்கிப் பார்த்தாள். தூசி. காற்றில் வந்து கடலில் விழுந்து, மெல்ல மெல்ல அடியில் இறங்கிய தூசி. அதன் கீழே அடுக்கின் மேற்பரப்பு அரித்துக் கரைந்திருந்தது. அவ்வளவு தூசி படிய வேண்டுமானால் ஓராயிரம் வருடமாவது ஆகும். அந்த ஆயிரம் வருடமும் அங்கே பாசி வளரவில்லை, சுண்ணாம்பு படியவில்லை, எதுவும் எழுதப்படவில்லை.

ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் இன்னொரு கோடு. ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில். ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில்.

கோடுகளை மறுபடி ஒருமுறை எண்ணினாள். அடுக்குக்கு ஒரு வருடம் என்று அவள் சொன்னது பொய்யல்ல. வளர்ந்த வருடங்கள் பதினொன்றுதான். ஆனால் ஒரு வருடத்துக்கும் அடுத்த வருடத்துக்கும் நடுவில் எத்தனை வருடம் காணாமல் போயிருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. பதினொரு வருடம், பதினோராயிரம் வருடமாக இருக்கலாம். அதற்கு மேலும் இருக்கலாம். கல்லுக்கே தெரியாது.

நாலு வருடத்தில் கடல் திரிந்துவிடும் என்பதற்கு அவளிடம் ஆதாரமே இல்லை. இருந்ததும் இல்லை. வடக்குப் படுகையும் நடுப் படுகையும் நினைவுக்கு வந்தன.

ரெமிஜியுஸிடம்தான் முதலில் சொன்னாள். அவன் சங்க அலுவலகத்தில் மறு ஆய்வுக் கூட்டத்துக்கு ஆள் திரட்டும் வேலையில் இருந்தான். சொல்லி முடித்ததும் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்குத் தெரியும். இப்ப உனக்கு."

"அப்ப நம்மளோட இருக்கட்டும்."

"ரெமி."

"இரு, நான் சொல்லுததக் கேளு. கல்லாகிறது நிசமா, பொய்யா?"

"நிசம். அது நடந்திருக்கு. எவ்வளவு சீக்கிரம்னுதான் தெரியாது."

"அப்ப நீ சொன்னதுல முக்காவாசி நிசம்தான? காவாசிக்கு எதுக்குக் கூட்டத்துல போய் நிக்கணும்?"

"கூட்டத்துல எந்திரிச்சு ஏன் மறைச்சீங்கன்னு கேட்டது நீதான்."

"அவிய மறைச்சது வேற. இது வேற."

"எப்படி வேற?"

மேசைமேல் இருந்த காகிதங்களைச் சேர்த்தான், கலைத்தான், மறுபடி சேர்த்தான். பேசும்போது குரல் இறங்கியிருந்தது.

"ரெண்டு படுகை போச்சுக்கா. அறுபது குடும்பம். ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நின்னு, பெரிய அழிவுல இருந்து தப்பிச்சோம்னு சொன்னேன். உன் சத்தியத்த வச்சுத்தான் சொன்னேன். நீ இப்ப போய்த் தப்புன்னு சொன்னா, அதெல்லாம் எதுக்குச் செத்துச்சுன்னு என்கிட்ட கேப்பாவ. நான் என்னத்தச் சொல்ல?"

"என்னைக் கை காட்டு."

"கை காட்டினா உன்ன விடுவாவளா?"

"விட வேண்டாம். நான் சொல்லாம இருக்க மாட்டேன், ரெமி. நீ கூட்டத்துக்கு வந்தாலும் சரி, வராட்டாலும் சரி."

அவன் கதவைத் திறந்துவிட்டான். போ என்று சொல்லவில்லை. அவளே போனாள்.

அன்று திருத்தத்தை எழுதி முடித்து ஒரு பிரதியை ஹேமாவதிக்கு அனுப்பினாள். அவர் மதுரையில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். 'உங்களுக்கு இது கூட்டத்துக்கு முன்பே தெரிய வேண்டும். மன்னிக்கவும்' என்று கீழே எழுதினாள். பதில் வரவில்லை.

*

மறு ஆய்வு நாள் காலையில் சமுதாயக் கூடத்தின் பக்கவாட்டு நடையில் ஹேமாவதி நின்றிருந்தார். இரண்டு வருடத்தில் தலை பாதி நரைத்திருந்தது.

"நீங்க வருவீங்கன்னு நினைக்கல மேடம்," என்றாள் செலஸ்தீனா. "என்னாலதான் உங்க வேலை போச்சு. நான் சொன்னது தப்பு."

"அந்தத் தூசிக் கோடு எனக்கு அப்பவே தெரியும்."

செலஸ்தீனாவுக்கு முதலில் விளங்கவில்லை.

"அறிக்கை எழுதுறதுக்கு முன்னாடி கல்லை இன்னும் நுணுக்கமான கருவி இருக்கிற வேற ஒரு ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்தேன். மேல் பகுதியில இடைவெளி இருக்கு, காலத்தைக் கணக்குப் பண்ண முடியாதுன்னு சொன்னாங்க. அதனாலதான் சிதைஞ்சதுன்னு ஒதுக்கினேன்."

"அன்னைக்கு நான் திரும்பத் திரும்பக் கேட்டேனே. ஏன் நம்ப முடியாதுன்னு கேட்டேனே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அந்தப் பதினொரு வருஷத்தை வாய்ல எடுத்திருக்க மாட்டேனே."

"சொல்லியிருந்தா, அப்போ கீழ்ப் பகுதியையும் வெச்சுப் பாருங்கன்னு சொல்லியிருப்பீங்க."

கூடத்துக்குள்ளிருந்து ஒலிபெருக்கி சோதிக்கும் சத்தம் வந்தது. புதிய கருவியில் செலஸ்தீனா பதினொரு அடுக்கை மட்டும்தான் வைத்துப் பார்த்திருந்தாள். கீழ்ப் பகுதியை வைக்கத் தோன்றவில்லை.

"கீழயும் இருக்கா?"

"மேலவிட அதிகம். இருநூறு வருஷம் அமைதியா இருந்த கடல்னு எழுதினேன் இல்லையா? அது இருநூறு வருஷம் கிடையாது. லட்சம் வருஷத்துல அங்கங்க தப்பிச்ச இருநூறு துண்டு. நடுவுல அந்தக் கடல் எத்தனை தடவை செத்துப் பிழைச்சதுன்னு யாருக்கும் தெரியாது."

"அப்ப 'பாதுகாப்பானது'ங்கிறதும் பொய்."

"பொய் இல்ல. தெரியாது, அவ்வளவுதான்." ஹேமாவதி கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார். "நாட்டுல இதுவரைக்கும் நூத்தி எண்பது கற்சான்று கொடுத்திருக்கோம். எல்லாமே இந்த மாதிரிக் கல்லுதான். இதைச் சொன்னா அத்தனையும் விழும். சட்டமே நிக்காது. கடல் புளிச்சுக்கிட்டே இருக்கிறப்போ நாம எல்லா வேலையையும் நிறுத்திட்டு வாதாடிட்டு இருக்கவான்னு நினைச்சேன். அதனால வாயை மூடிட்டேன். நீங்க என்னை நீக்க வெச்சப்பவும் சொல்லல." பிறகு, கெஞ்சுகிற குரலில், "உங்க தப்பை மட்டும் சொல்லிட்டு இறங்கிடுங்க, செலஸ்தீனா. அதுவே பெரிய விஷயம். யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டாங்க."

"அது போதாது மேடம்."

"சட்டம் விழுந்துடும்."

"தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதித்தான் அது நிக்கணும்னா, விழட்டும்," என்று சொல்லிவிட்டு செலஸ்தீனா உள்ளே போனாள்.

கூடம் நிரம்பி வழிந்தது. அவளைக் கண்டதும் கைதட்டினார்கள். சங்கத்து ஆட்கள் முதல் மூன்று வரிசைகளில் இருந்தார்கள். ரெமிஜியுஸைக் காணவில்லை. மேடையில் ஆணையத்தின் புதிய இயக்குநர், முழு அளவுக்கான புதுச் சான்றைத் தட்டச்சு செய்து கொண்டுவந்து வைத்திருந்தார்.

அவள் சுற்றி வளைக்கவில்லை. "ரெண்டு வருஷத்துக்கு முன்னால இதே இடத்துல நின்னு பதினொரு வருஷம்னு சொன்னேன். அது தப்பு. எத்தனை வருஷம்னு எனக்குத் தெரியாது. அந்தக் கல்லுல அது இல்ல."

தூசிக் கோட்டைப் பற்றி எளிமையாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல முன்வரிசையில் முகங்கள் மாறின. நடுப் படுகையில் தொழில் செய்துவந்த ஒருவர் எழுந்து நின்று அவளையே பார்த்தார். பிறகு வெளியே நடந்தார். அவர் பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர் போனார்கள். "எங்க படுகையத் திருப்பிக் குடுட்டி!" என்று ஒரு பெண் நெஞ்சிலடித்துக்கொண்டாள். செலஸ்தீனா அந்தப் பெண்ணைப் பார்த்து, "குடுக்க முடியாது. நான் செஞ்ச தப்புதான்," என்றாள். அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டாள்.

புதிய இயக்குநர் முகமெல்லாம் சிரிப்பாகச் சான்றை அவள் பக்கம் நகர்த்தினார். ஆட்சியர் கேட்டார், "அப்படின்னா முழு அளவுக்கு அனுமதி கொடுக்கலாம்னு சொல்றீங்க. கையெழுத்துப் போடுங்கம்மா."

"போட மாட்டேன்."

"இப்பதானே தப்புன்னு சொன்னீங்க?"

"நாலு வருஷத்துல கல்லாகும்னு சொன்னது தப்பு. ஆகவே ஆகாதுன்னு நான் சொல்லல. கல்லு திசையத்தான் சொல்லுது சார், வேகத்தைச் சொல்லல. பாதுகாப்புன்னு எழுதின கீழ்ப் பகுதியிலயும் இதே இடைவெளி இருக்கு. இதை வச்சு ஆபத்துன்னும் எழுதக் கூடாது, பாதுகாப்புன்னும் எழுதக் கூடாது. இந்தக் கல்லு மட்டுமில்ல. இப்படிப்பட்ட எந்தக் கல்லை வச்சும் எழுதக் கூடாது."

புதிய இயக்குநரின் சிரிப்புப் போயிற்று. "கீழ்ப் பகுதியைப் பத்தி உங்க திருத்தத்துல ஒரு வரிகூட இல்லையே. நீங்க பரிசோதனை செஞ்சீங்களா?"

"இல்ல."

"அப்போ யார் சொன்னது?"

செலஸ்தீனா வாயைத் திறக்கவில்லை. தனக்கு அந்தரங்கமாகச் சொன்ன ஒன்றில் இன்னொருவரின் பெயரை இழுக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஆட்சியர் பேனாவை மூடினார். "ஆதாரம் இல்லாததைப் பதிவு செய்ய முடியாதும்மா."

"நான் சொன்னேன்," என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. ஹேமாவதி எழுந்து நின்றிருந்தார். "ரெண்டு வருஷமா என்கிட்ட அந்த ஆய்வக அறிக்கை இருக்கு. நான்தான் மறைச்சேன். இப்போ கொண்டுவந்திருக்கேன்."

நாற்காலிகளுக்கு நடுவில் அவர் நடந்து வந்து மேடையில் காகிதங்களை வைத்தார்.

அன்று மாலை உத்தரவு வந்தது. ஆணையத்தின் அறிக்கை, செலஸ்தீனாவின் மறுப்புச் சான்று இரண்டும் செல்லாது. கற்சான்றுச் சட்டத்தை நீதிமன்றத்தின் பார்வைக்கு அனுப்புவது. அதுவரை பாதி அளவு தொடரும், ஆனால் வளைகுடாவில் ஏழு இடங்களில் வாரம்தோறும் தண்ணீர் எடுத்து அளக்க வேண்டும், எடுப்பவர்கள் சங்கு குளிப்பவர்களாக இருக்க வேண்டும். செலஸ்தீனாவின் உரிமம் ரத்து.

அவள் வெளியே வந்தபோது கூட்டம் கலைந்திருந்தது. கடற்கரைச் சாலைப் பதாகையை யாரோ கிழித்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தவர்கள் அவள் வருவதைப் பார்த்து விலகி நின்றார்கள். வெயில் இறங்கியிருக்கவில்லை. நடந்தே போய்விடலாம் என்று செருப்பை இறுக்கிக்கொண்டபோது ஒரு மோட்டார் சைக்கிள் வந்து அருகில் நின்றது. ரெமிஜியுஸ்.

"ஏறு."

"எங்க இருந்த?"

"சன்னலுக்கு வெளிய நின்னேன். எல்லாம் கேட்டுச்சு. ஏறு."

"கோவம் இல்லையா?"

"கோவம்தான். தீர நாளாகும். அதுக்காக வெயில்ல நடந்தா போவ? ஏறுக்கா."

ஏறி உட்கார்ந்தாள். வண்டி கிளம்பவில்லை. அவன் முன்பக்கம் பார்த்தபடியே கேட்டான். "வீடு வீடாப் போய்ச் சொல்லணும்லா? இப்ப என்ன சொல்லணும்?"

"தெரியாதுன்னு சொல்லணும். அளந்து பாத்துட்டு வாறோம்னு சொல்லணும். நானும் கூட வாறேன்."

"அடிப்பாவ."

"அடிக்கட்டும். நாளைக்குக் காலைல தெக்குப் படுகையில தண்ணி எடுக்கணும், ரெமி. குப்பி என்கிட்ட இருக்கு. அளவு எழுதுறதுக்கு ஒரு நோட்டு வேணும், அப்புறம்..."

"ஏக்கா, வீடு போற வரைக்குமாவது கொஞ்சம் வாய மூடிட்டு வாறியா?"

"அது மட்டும் நடக்காது," என்றாள் செலஸ்தீனா.